ஒரு இன்ஜினீயரிங் சீட்டின் உண்மையான விலை என்ன?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து எனக்கு வரும் மெசேஜ்களில் பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, இன்ஜினீயரிங் முடிக்க நாலு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?" சிலர் தங்களுக்காகக் கேட்கிறார்கள், சிலர் தம்பி தங்கைக்காக. ஒரு அண்ணன் தன் பையனுக்காகக் கேட்டிருந்தார்.

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு தமிழ்நாட்டின் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு கட்டணம் வைத்தது. கவுன்சிலிங் சீட்டுக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய், தேசியத் தரச்சான்று பெற்ற படிப்பாக இருந்தால் 55,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85,000, தரச்சான்று இருந்தால் 87,000. அந்தக் கணக்கில் கவுன்சிலிங்கில் சேர்ந்த ஒருத்தருக்கு நாலு வருஷத்துக்கு ரெண்டு லட்சம். எபிசோட் முடிந்தது, போய் வரேன்!

ஆனால் ரெண்டு லட்சத்தில் இன்ஜினீயரிங் முடித்த ஒரு ஆளை உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அந்தக் குழு பொய் சொல்லவில்லை, அது டியூஷன் ஃபீஸை மட்டும் சொன்னது. மிச்சம் எங்கே இருக்கிறது என்பதற்குப் பின்னால் எழுபது வருஷக் கதை இருக்கிறது. அதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இந்த விலையை யாராவது ஒரு இடத்தில் அமுக்கும்போதெல்லாம் அது வேறு இடத்தில் போய்ப் புடைத்துக்கொள்கிறது. எங்கே புடைக்கிறது, யார் தலையில் விடிகிறது என்பதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போகிறோம்.

395 இடங்கள்

முதலில் கிண்டிக்குப் போவோம். 1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், நிலம் அளக்க ஆள் வேண்டும் என்பதற்காக எட்டு மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி ஆரம்பித்தார்கள். அதுதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. அங்கிருந்து ஒன்றரை நூற்றாண்டு தாண்டி, 1950-ல் நிலைமை எப்படி இருந்தது?

இதற்கு ஒரு துல்லியமான எண் கிடைக்கிறது, அதுவும் ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில். 1951 ஏப்ரலில் வந்த செண்பகம் துரைராஜன் வழக்கு. இடஒதுக்கீடு பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் பெயர் அடிபடும். அது மருத்துவப் படிப்பு வழக்கு என்றுதான் பலருக்கும் தெரியும். அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு வழக்கு இருந்தது. சீனிவாசன் என்ற மாணவர் இன்ஜினீயரிங் சீட்டுக்காகப் போட்டது. அந்தத் தீர்ப்பு சொல்லும் கணக்கு இது: சென்னை மாகாண அரசு நடத்திய பொறியியல் கல்லூரிகள் நாலு, மொத்த இடங்கள் 395.

ஒரு நிமிஷம் இதை யோசிச்சுப் பாருங்க. அன்றைய சென்னை மாகாணம் என்றால் இன்றைய தமிழ்நாடு, கடலோர ஆந்திரா, ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. அத்தனை பேருக்கும் 395 அரசு இடங்கள். இன்று புறநகரில் இருக்கும் ஒரே ஒரு பெரிய கல்லூரி முதல் வருஷத்தில் இதைவிட அதிகம் பேரைச் சேர்க்கும்.

அன்று செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்றுக்கொண்டது. அப்படியானால் படிப்பு மலிவா? உள்ளே போனவருக்கு மலிவு. வெளியே நின்றவருக்கு விலை ரொம்ப அதிகம், ஏனென்றால் எவ்வளவு கொடுத்தாலும் கதவு திறக்காது. இடம் கிடைக்காமல் போவதுதான் அந்தக் காலத்தின் விலை. அதற்கு ரசீது கிடையாது. எந்தச் சமூகத்துக்கு எத்தனை இடம் என்று வகுத்த வகுப்புவாரி அரசாணையை அந்தத் தீர்ப்பு ரத்து செய்தது. சென்னையில் போராட்டம் வெடித்தது. இரண்டே மாதத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. நம் அரசியல் சட்டத்தை முதன்முதலில் திருத்த வைத்த காரணங்களில் ஒன்று, தமிழ்நாட்டில் மெடிக்கல், இன்ஜினீயரிங் சீட்டுக்கு நடந்த இழுபறி.

அடுத்து வந்த வருஷங்களில் கோவையில் பி.எஸ்.ஜி, சி.ஐ.டி, மதுரையில் தியாகராசர் என்று அரசு உதவி பெறும் கல்லூரிகள் வந்தன. 1959-ல் ஐ.ஐ.டி, 1964-ல் திருச்சி ஆர்.இ.சி. இடங்கள் கூடின, ஆனாலும் தேவைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

1984: கதவு திறக்கிறது

எண்பதுகளின் தொடக்கத்தில் வசதியுள்ள தமிழ்க் குடும்பங்கள் என்ன செய்தன? பெங்களூருக்கு பஸ் ஏறின. கர்நாடகத்தில் தனியார் கல்லூரிகள் ஏற்கெனவே நிறைய இருந்தன. ஒரு தொகையைக் கொடுத்தால் சீட். அந்தத் தொகைக்கு 'கேபிடேஷன் ஃபீஸ்' என்று பெயர். தலைக்கு இவ்வளவு என்று அர்த்தம். நம் ஊரில் அதற்கு இன்னும் மரியாதையான பெயர் ஒன்று வந்தது: டொனேஷன்.

நம் பிள்ளைகளும் பணமும் பக்கத்து மாநிலத்துக்குப் போகின்றன, அதை இங்கேயே செய்யலாமே என்ற வாதம் எழுந்தது. அரசிடம் புதுக் கல்லூரி கட்டப் பணமும் இல்லை. 1984-ல் எம்.ஜி.ஆர் அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. சுயநிதி என்ற சொல்லைக் கவனிங்க. அரசு ஒரு ரூபாய் தராது, செலவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். 'நீங்களே' என்றால் கல்லூரியா, மாணவரா? நடைமுறையில் மாணவர்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சட்டப்படி கல்வி நிறுவனத்தை லாபத்துக்கு நடத்தக் கூடாது. அதனால் எல்லாக் கல்லூரிகளும் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவாகின்றன. அறக்கட்டளைக்குப் பணம் எப்படி வரும்? நன்கொடையாக. சீட்டுக்கான விலைக்கு 'டொனேஷன்' என்ற பெயர் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை. அந்த அமைப்புக்குள் பணம் நுழையக்கூடிய வாசல் அதுதான். சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல்கூட ஒரு வருமான வரி வழக்கில், கேபிடேஷன் ஃபீஸைத் தானாக முன்வந்து தந்த நன்கொடையாகக் கருத முடியாது, அதற்கு வரிவிலக்கு கிடையாது என்று சொல்ல வேண்டியிருந்தது. 1984-க்குப் பிறகு 38 வருஷம்!

ஆனால் நியாயமாகவும் பேசணும். அந்தக் கதவு திறக்காவிட்டால் நான் உட்பட இதைக் கேட்கிற பலர் இன்ஜினீயர் ஆகியிருக்க மாட்டோம். தொண்ணூறுகளில் ஐடி வந்தபோது, ஆயிரக்கணக்கில் பட்டதாரிகளோடு தயாராக இருந்த மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. ஓ.எம்.ஆர் சாலை முழுக்க அந்த முடிவின் பலன் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கிறது. அந்தப் பட்டதாரிகளை உருவாக்கிய செலவு அரசு பட்ஜெட்டில் வரவில்லை. அது புஞ்சை நிலமாகவும் தாலிக்கொடியாகவும் அடகுக் கடை பெட்டகத்தில் இருந்தது.

கோர்ட் வைத்த விலை

அடுத்த கட்டம் நீதிமன்றத்தில். 1992 ஜூலையில் மோகினி ஜெயின் வழக்கின் தீர்ப்பு. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த மாணவி, கர்நாடகத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் சீட் கேட்டார். அப்போது கர்நாடகத்தில் ஒரே எம்.பி.பி.எஸ்ஸுக்கு மூன்று விலை. அரசு ஒதுக்கீட்டில் வந்தவருக்கு வருஷத்துக்கு 2,000 ரூபாய், கர்நாடக மாணவருக்கு 25,000, வெளி மாநிலத்தவருக்கு 60,000. ஒரே வகுப்பறை, ஒரே வாத்தியார், ஒரே பாடம். உச்ச நீதிமன்றம் கேபிடேஷன் ஃபீஸ் செல்லாது என்றது, கல்வி அடிப்படை உரிமை என்றும் சொன்னது. அதே 1992-ல் தமிழ்நாடும் கேபிடேஷன் ஃபீஸைத் தடை செய்து சிறைத் தண்டனையோடு ஒரு சட்டம் போட்டது.

ஆனால் செலவு இருக்கே, அதை யார் கொடுப்பது? 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு ஏற்பாடு செய்தது. தொழிற்கல்வி இடங்களில் பாதி 'ஃப்ரீ சீட்', மீதிப் பாதி 'பேமென்ட் சீட்'. நல்ல மார்க் எடுத்தவர் அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் படிப்பார். அடுத்த வரிசையில் இருப்பவர் அதிகமாகக் கொடுத்து, முன்னவருக்கும் சேர்த்துச் செலவைத் தாங்குவார்.

காகிதத்தில் அழகான டிசைன். ஓட விட்டபோதுதான் பக் தெரிந்தது. நல்ல மார்க் எடுத்தவர் யார்? பெரும்பாலும் நகரத்தில், நல்ல பள்ளியில், டியூஷனோடு படித்த பிள்ளை. அஞ்சு மார்க் குறைந்தவர் யார்? கிராமத்துப் பள்ளியில் படித்துத் தட்டுத் தடுமாறி வந்த பிள்ளையாகவும் இருக்கலாம். ஆக, வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஃப்ரீ சீட், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை அதற்கும் சேர்த்துப் பணம் கட்டும். இந்த முரண்பாட்டை உச்ச நீதிமன்றமே 2002-ல் டி.எம்.ஏ. பை வழக்கில் சுட்டிக்காட்டியது. பதினோரு நீதிபதிகள் அமர்ந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். தனியார் கல்லூரி நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபமும் கேபிடேஷன் ஃபீஸும் கூடாது என்பது புதிய கோடு.

நியாயமான உபரி என்றால் எவ்வளவு? அதை யார் சொல்வது? 2003-ல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் பதில் வந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு கட்டணக் குழு. நான் ஆரம்பத்தில் சொன்ன 50,000 ரூபாய்க்குப் பின்னால் இருக்கும் குழு இப்படித்தான் பிறந்தது.

அதே பத்தாண்டில் தமிழ்நாட்டில் இன்னொரு மாற்றம். 2006-ல் நுழைவுத் தேர்வை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டு, 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்றானது. கோச்சிங் சென்டருக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு ஒரு செலவு குறைந்தது. ஆனால் மார்க்கை வாங்கித் தரும் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குக் கூட்டம் குவிந்தது. கோச்சிங் செலவு பதினொன்றாம் வகுப்பு ஹாஸ்டல் ஃபீஸாக மாறியது. புடைப்பு இடம் மாறிவிட்டது, கவனிச்சீங்களா?

எங்கள் வீட்டுக் கணக்கு

குழு டியூஷன் ஃபீஸை நிர்ணயிக்கும். ஹாஸ்டல், மெஸ், பஸ் அதன் வரம்புக்கு வெளியே. சட்டம் ஒரு வரியை மூடினால், கணக்குப் புத்தகத்தில் நாலு புது வரி முளைக்கும்.

நான் 2015-ல் கவுன்சிலிங் மூலம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தேன். அப்பா தையல்காரர். எங்கள் வீட்டில் வரவு செலவு எழுதுவது அம்மா. முதல் வருஷத்துக்கு அம்மா எழுதி வைத்த கணக்கைப் போன மாதம் வாங்கிப் பார்த்தேன். டியூஷன் ஃபீஸ் 40,000. கல்லூரி பஸ் 20,000, ஏறினாலும் ஏறாவிட்டாலும் கட்டாயம். 'பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்' 10,000, வேலைக்குப் போக மூன்று வருஷம் இருக்கும்போதே! யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டு, லேப் கோட்டு, புத்தகம் எல்லாம் சேர்த்து 6,000. காஷன் டெபாசிட் 5,000. பரீட்சை ஃபீஸ் ரெண்டு செமஸ்டருக்கும் 3,000. கூட்டினால் 84,000.

அதாவது குழு நிர்ணயித்த தொகை எங்கள் வீட்டுச் செலவில் பாதிக்கும் கீழே. ட்ரெய்னிங் ஃபீஸுக்கு வந்த ரசீதில் கல்லூரியின் பெயர் இல்லை, வேறு ஏதோ ஒரு பெயர் இருந்தது. "கேட்டா உனக்கு இன்டர்னல் மார்க்குல கை வச்சிடுவாங்கடா, விடு"ன்னு அப்பா சொல்லிவிட்டார். இன்டர்னல் மார்க் மேல் இருக்கும் அந்தப் பயமும் விலையில் சேர்த்திதான்.

அடுத்து, யாருமே எழுதாத ஒரு வரி. என்கூட பிளஸ் டூ முடித்த பக்கத்துத் தெரு நண்பன் காலேஜுக்குப் போகவில்லை. ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் மாதம் 8,000 ரூபாய்க்குச் சேர்ந்தான். நாலு வருஷம், 48 மாதம். சம்பளம் கூடவே இல்லை என்று வைத்தாலும் 3,84,000 ரூபாய் அவன் வீட்டுக்குப் போனது. எங்கள் வீட்டுக்கு அது வரவில்லை. பொருளாதாரம் படித்தவர்கள் இதைப் படிப்பின் செலவோடு சேர்க்கச் சொல்வார்கள். அம்மா அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. ஆனால் "நீ படிச்ச நாலு வருஷமும் அப்பா ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் மிஷின் மிதிச்சாரு"ன்னு சொல்லும்போது அதே கணக்கைத்தான் சொல்கிறார்.

நாலு லட்சம் எட்டு லட்சம் ஆன கதை

கையில் பணம் இல்லாதவர்களுக்கு அடுத்து வந்த வாசல் கல்விக் கடன். 2001-ல் இந்திய வங்கிகள் சங்கம் ஒரு மாதிரித் திட்டத்தை வகுத்தது. நாலு லட்சம் வரை ஜாமீன் சொத்து வேண்டாம், பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். படிக்கும்போது கட்ட வேண்டாம், முடித்து ஒரு வருஷம் கழித்துக் கட்டலாம். தமிழ்நாடு இதை மற்ற மாநிலங்களைவிட அதிகமாகப் பயன்படுத்தியது.

கட்ட வேண்டாம் என்றால் வட்டி ஓடாது என்று அர்த்தம் இல்லை. வாங்க, ஒரு சின்ன கணக்குப் போடுவோம். ஒவ்வொரு வருஷ ஆரம்பத்திலும் ஒரு லட்சம், மொத்தம் நாலு லட்சம். வட்டி 12 சதவீதம். படிக்கும் காலத்திலும் அடுத்த ஒரு வருஷமும் தனி வட்டி. முதல் லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி 60,000. இரண்டாவதுக்கு 48,000, மூன்றாவதுக்கு 36,000, நாலாவதுக்கு 24,000. மொத்தம் 1,68,000. முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,68,000 ஆகியிருக்கும். அதை ஏழு வருஷத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 10,000 ரூபாய். கடைசியில் கட்டி முடிக்கும்போது மொத்தம் 8,42,000-க்கு மேல். வாங்கியது நாலு, கொடுத்தது கிட்டத்தட்ட எட்டரை.

பெரிய ஐடி கம்பெனிகள் ஃப்ரெஷருக்குத் தரும் சம்பளம் பத்து வருஷத்துக்கும் மேலாக வருஷத்துக்கு மூன்று, நாலு லட்சத்துக்குள்ளேயே நிற்கிறது. கைக்கு வரும் 25,000-ல் 10,000 தவணை. சென்னையில் ஷேரிங் ரூம், சாப்பாடு போக வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? இது வேலை கிடைத்தவரின் கதை. வேலை கிடைக்காதவரின் வீட்டுக்கு வங்கியிலிருந்து நோட்டீஸ் வரும். தமிழ்நாட்டில் வாராக் கல்விக் கடன்களை வசூல் நிறுவனங்களுக்கு விற்ற காலமும் உண்டு.

இதே கணக்கில் ஒரு காகிதம் எவ்வளவு மாற்றுகிறது பாருங்க. 2009-10 முதல், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. அது கிடைத்தால் நீங்கள் அடைக்க வேண்டியது நாலு லட்சத்திலிருந்து தொடங்கும். தவணை சுமார் 7,000, மொத்தம் 5,93,000. வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம்! தாலுகா ஆபீஸில் வாங்கும் ஒரு வருமானச் சான்றிதழின் மதிப்பு அது. அப்படி ஒரு மானியம் இருக்கிறது என்று தெரியாமலே கடன் கட்டி முடித்த குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே மூன்று.

அரசு கற்றுக்கொண்ட பாடம்

2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை வந்தது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டதாரி இல்லை என்றால், கவுன்சிலிங்கில் சேரும் பிள்ளையின் டியூஷன் ஃபீஸில் ஒரு பங்கை அரசு ஏற்கும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-லிருந்தே இருக்கிறது. 2012-ன் அரசாணை 92 சுயநிதிக் கல்லூரிகளில் அவர்களின் கட்டணத்தையும் அரசே தரும் என்றது. இவை லட்சக்கணக்கானவர்களை உள்ளே கொண்டுவந்தன, சந்தேகமே இல்லை.

ஆனாலும் ரெண்டுமே டியூஷன் ஃபீஸ் என்ற ஒரு வரியைத்தான் பார்த்தன. சலுகையின் விதியிலும் ஒரு மூலை இருக்கிறது. முதல் பட்டதாரி என்றால் வீட்டுக்கு ஒருவர்தான். எங்க அக்கா அரசு கலைக் கல்லூரியில் மிகக் குறைந்த செலவில் பி.எஸ்சி முடித்திருந்தாள். அதனால் விதிப்படி நான் முதல் பட்டதாரி இல்லை. "என் டிகிரிக்கு நான் கட்டினதைவிட நீ கட்டினது ஜாஸ்தி"ன்னு அவள் இப்பவும் கிண்டல் செய்வாள்.

மாற்றம் 2021-ல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு கொடுத்தபோது, அவர்களுடைய கல்விக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். ஹாஸ்டல் என்ற சொல்லைக் கவனிங்க. ஃபீஸ் மட்டும் செலவு இல்லை என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது. அடுத்து 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால், மாதம் 1,000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்குக்கே வரும். இது புதிதாக முளைத்த திட்டம் இல்லை. தாலிக்குத் தங்கம் கொடுத்துவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை மாற்றி அமைத்ததுதான். 2024-ல் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் வந்தது. ஆயிரம் ரூபாய் எந்தக் கல்லூரியின் ஃபீஸுக்கும் போதாது. பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஆகும். படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகளில் பலர் ஃபீஸால் மட்டுமா விடுகிறார்கள்? இந்தச் சில்லறைச் செலவுகளும்தான் அவர்களை விழ வைக்கின்றன.

சரி, நீங்கள் என்ன கேட்கணும்?

இப்போது மெசேஜ் அனுப்பியவர்களுக்கு வருகிறேன். கவுன்சிலிங்குக்குப் போகும்முன் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறங்க. ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

முதல் வரி டியூஷன் ஃபீஸ், குழு நிர்ணயித்தது. அந்த வருஷத்துக்கான தொகை எவ்வளவு என்று பாருங்க, நான் சொன்னது 2017-ன் எண். இரண்டாவது, ஹாஸ்டல் அல்லது பஸ். கவுன்சிலிங் இணையதளத்தில் கல்லூரி விவரங்களுக்குள்ளேயே அறை வாடகை, மெஸ் பில், டெபாசிட், குறைந்தபட்ச, அதிகபட்ச பஸ் கட்டணம் என்று தனித்தனியாக இருக்கும். நிறைய பேர் கட் ஆஃப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. மூன்றாவது, பெயர் தெரியாத ஃபீஸ்கள். இதை இணையதளம் சொல்லாது. அங்கே இரண்டாம் வருஷம் படிக்கும் ஒருத்தரைக் கண்டுபிடித்துக் கேளுங்க. "போன வருஷம் ரசீது இல்லாம என்னென்ன கட்டினீங்க?" இந்த ஒரு கேள்வி போதும். நாலாவது, கடன் என்றால் வாங்கும் தொகையை எழுதாதீங்க, கட்டி முடிக்கும் தொகையை எழுதுங்க. அஞ்சாவது, நாலு வருஷம் வீட்டுக்கு வராத சம்பளம். அதை எழுதுவதால் படிக்காதே என்று அர்த்தம் இல்லை. வீட்டில் யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு படிப்பதற்காக.

ஆறாவது வரியும் உண்டு: வெளியே வரும் விலை. பாதியில் விலக நினைத்த என் வகுப்புத் தோழியிடம், மீதி வருஷங்களின் ஃபீஸையும் கட்டினால்தான் ஒரிஜினல் சர்டிஃபிகேட் என்றார்கள். அவள் பயந்துபோய் நாலு வருஷமும் உட்கார்ந்தாள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யூ.ஜி.சி 2007-லேயே அறிவித்துவிட்டது. குறிப்பிட்ட கடைசித் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தரணும் என்பது ஏ.ஐ.சி.டி.இ விதி. இந்த ரெண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

ஆறு வரியையும் கூட்டி வரும் எண்ணை மட்டும் ரெண்டு கல்லூரிகளுக்கு இடையே ஒப்பிடுங்க. கட் ஆஃபில் கொஞ்சம் கீழே இருக்கும், வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகக்கூடிய அரசுக் கல்லூரி அந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று பாருங்க. மூன்று வருஷம் பாலிடெக்னிக் படித்து நேரடியாக இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷத்தில் சேரும் வழியையும் ஒரு தடவை எழுதிப் பாருங்க.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். 1951-ல் 395 இடங்களுக்கு அடித்துக்கொண்ட ஊரில், 2019 வாக்கில் கவுன்சிலிங்குக்கு வந்த இன்ஜினீயரிங் இடங்களில் ஏறக்குறைய பாதி காலியாகவே கிடந்தன. இடம் இருக்கிறது. அதனால் இன்று பேரம் பேசும் நிலையில் இருப்பது நீங்கள்தான். அட்மிஷன் ஆபீஸில் "இன்னிக்கே அட்வான்ஸ் கட்டுங்க, நாளைக்கு இருக்காது" என்று யாராவது அவசரப்படுத்தினால், உட்காருங்க, தண்ணி குடிங்க, முழு ஃபீஸ் விவரத்தையும் கல்லூரி சீலோடு எழுத்தில் கேளுங்க. தரத் தயங்கினால் உங்க நோட்டில் ஏழாவது வரியாக அதையும் எழுதிக்கோங்க.

உங்க வீட்டுக் கணக்கில் நான் சொல்லாமல் விட்ட வரி ஏதாவது இருந்தால் அனுப்புங்க, கல்லூரி பெயர் வேண்டாம், தொகையும் வருஷமும் போதும். அடுத்த எபிசோடில் அதையெல்லாம் தொகுத்துப் பேசுவோம்.